தன்மை ஒருமை

மேட்ரனம்மா இன்னும் வரவில்லை. வந்ததும் ஓவர் கொடுப்பதை, அதாவது நோயாளிகளை அடுத்த டியூட்டியிடம் ஒப்படைப்பதை, தொடங்கிவிடலாம் என்று முதல் கட்டிலருகே நிற்கிறோம். காலை டியூட்டி முடிக்கப்போகிற நானும் ரஹ்மத்தும் ஒரு பக்கம், மத்தியான டியூட்டிக்கு வந்திருக்கும் தேவகனி எதிர்ப்பக்கம், நடுவில் கட்டிலில் படுத்திருக்கிற அம்மாள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்க்கிறாள். பெண் பார்க்கப் போன வீட்டில் யார் முதலில் பேச்செடுப்பது என்று காத்திருப்பார்களே, அந்த மாதிரி நிற்கிறோம். ஜன்னல் வழியே சாரல் காற்று வருகிறது, மலையில் நல்ல மழை போல, டெட்டால் வாசனையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டு ஈரமண் வாசனையைக் கொண்டுவந்து போடுகிறது, திரைச்சீலையெல்லாம் படபடக்கிறது, மனசும் அதோடு சேர்ந்து படபடக்கிறது. பயமா? பயமென்றால் இப்படிச் சிரிப்பு வராது. காலையில் மருந்து எடுத்து வைக்கும்போதே உதட்டோரம் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன், ரஹ்மத் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், மாப்பிள வீட்டுக்காரங்க வருதாங்களா?" என்றாள். வாய் அவளுக்கு. எனக்கு இருக்கிற ஒரு மாப்பிள்ளையையே சமாளிக்க முடியவில்லை. அவர் காலையில் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையைப் பார்த்து, "என்ன உலகம்மை, கவர்னர் வாராரா உங்க ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டார். கவர்னர் இல்லை, மேட்ரனம்மா. அப்போது மேட்ரனம்மா வரப்போவதே எனக்குத் தெரியாது, மனசு தானாகக் கஞ்சி போட்ட புடவையை எடுத்திருக்கிறது. பத்து மணி வாக்கில்தான் விஷயம் தெரிந்தது. நான் ஃபோனில் கை வைக்கவும் அது அடிக்கவும் சரியாக இருந்தது. "உலகம்மை, ரெண்டு மணிக்கு ஓவர் குடுப்பீங்கள்ல, நான் வந்து நிப்பேன். நீங்க என்னமோ நாடகம் போடுதீங்கன்னு எல்லா வார்டுலயும் பேச்சா இருக்கு. நானும் பாக்கேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, ரிசீவரை வைத்துவிட்டு நேரே ரஹ்மத்திடம் ஓடினேன். ஆமாம், நான் ஃபோன்கிட்டே எதற்குப் போனேன்? யாருக்கோ என்னவோ. சரி, இருக்கட்டும்.

நாடகமாம். ஒரே ஒரு சொல்லை இந்த வார்டிலிருந்து துரத்தப் பார்க்கிறேன், அதற்குப் பெயர் நாடகம். அதுவரை பொறுப்பில் இருந்த பாக்கியம் அக்கா மகள் பிரசவத்துக்கென்று மஸ்கட்டுக்குப் போனதால் பெண்கள் வார்டு என்னிடம் வந்தது. வந்த கையோடு என்னை மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், தலைமைப் பண்பு என்று தலைப்பு. தலைமைப் பண்பு என்றால் அதட்டச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனேன், அங்கே ஒரு டீச்சரம்மா, கதர்ச் சேலை, மெல்லிய குரல், "ஒரு நாள் வேலை முடிந்ததும் உட்காருங்கள். இன்றைக்கு என்ன நடந்தது, அப்போது எனக்குள் என்ன ஓடியது, மறுபடி நடந்தால் நான் என்ன செய்வேன், இதைத் திரும்பிப் பாருங்கள், மற்றவர் முன்னால் சொல்லிப் பாருங்கள், அதைச் செய்கிறவள்தான் தலைவி" என்றார்கள். எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. இத்தனை வருஷமாக வேலை முடிந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேனே தவிர, என்றைக்காவது திரும்பிப் பார்த்தேனா? ஊருக்குக் கிளம்பும்போது திரும்பிப் பார்க்காதே என்று வளர்த்த வளர்ப்பு, ஆஸ்பத்திரி வாசலிலும் அதே பழக்கம். பஸ்ஸில் மதுரையிலிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் தூக்கமில்லை, வார்டில் எங்கே எல்லோரையும் உட்காரவைப்பது, எத்தனை நாற்காலி, டீக்கு யாரிடம் சொல்வது என்று ஒரே யோசனை. வந்து பார்த்தால் வார்டு இழவு வீடாகக் கிடந்தது.

நான் இல்லாதபோது நடந்தது. பித்தப்பை எடுத்த ஓர் அம்மாளுக்குச் சாயங்காலம் காய்ச்சல். டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அடுத்த டியூட்டி வந்தபோது கேட்டிருக்கிறார்கள், டாக்டர்ட்ட சொல்லியாச்சா? சொல்லியாச்சு. அதற்கடுத்த டியூட்டியிலும், சொல்லியாச்சா, சொல்லியாச்சு. காலையில் டாக்டர் சிதம்பரநாதன் ரவுண்ட்ஸ் வந்து பார்க்கிறார், உடம்பு அனலாகக் கொதிக்கிறது, வயிற்றுக்குள் சீழ், மறுபடி தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிழைத்தது சாமி புண்ணியம். அந்த நேரத்தில் கட்டிலருகே நின்றவள் தேவகனி. எல்லா நோயாளிகளுக்கும் முன்னால், பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கும் முன்னால், டாக்டர் அவளைப் பார்த்து "கொன்னுருப்பியேடி" என்று கத்தியிருக்கிறார். நான் வந்து ஒவ்வொருத்தியாகக் கேட்டேன், நீ சொன்னியா, நீ சொன்னியா. ஒருத்தியும் பொய் சொல்லவில்லை, அதுதான் விசேஷம். "சொல்லியாச்சுன்னு சொன்னாங்க சிஸ்டர்." சொன்னது யார்? யாரும் இல்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. அவர் உள்ளேயிருந்து, "மோட்டார் போட்டாச்சா?" என்றார், "போட்டாச்சு" என்றேன், மோட்டார் ஓடவில்லை, அவர் போட்டிருப்பார் என்று நானும் நான் போட்டிருப்பேன் என்று அவரும். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன், தோசை தீய்ந்தது. போட்டாச்சு, குடுத்தாச்சு, பாத்தாச்சு, சொல்லியாச்சு. வேலை முடிந்துவிட்டது, செய்த ஆளைக் காணோம். இந்த ஆச்சுக்குப் பின்னால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம், ஒருத்தருமே இல்லாமலும் இருக்கலாம். எட்டாம் வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, போட்டேன் என்றால் தன்மை ஒருமை, நான். வீட்டில் தன்மையாகப் பேசு, தன்மையாகப் பேசு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள், அது மெதுவாய்ப் பேசு, அடங்கிப் பேசு என்கிற தன்மை. நர்சுக்கு வேண்டியது நான் என்கிற அந்தத் தன்மை.

மறுநாளே சட்டம் போட்டேன். ஓவர் கொடுக்கும்போது ஆச்சு கிடையாது. போட்டேன், பார்த்தேன், சொன்னேன். யாராவது வாய் தவறி ஆச்சு என்றால் மற்றவர்கள் உடனே "யாரு?" என்று கேட்க வேண்டும். யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அதோடு வேலை முடிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து டீ குடித்தபடி அன்றைக்கு நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது. ரஹ்மத்தின் வாய்க்கு அவல் கிடைத்தது, சர்ச்சில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற மாதிரி இருக்கிறதாம், "பாவசங்கீர்த்தனத்துக்கு நேரமாச்சு, வாங்கட்டி" என்று எல்லோரையும் கூப்பிடுவாள், அதிலும் ஒரு ஆச்சு. நான் சொன்னேன், இங்கே பாவமும் கிடையாது மன்னிப்பும் கிடையாது, டீ மட்டும்தான் உண்டு. முதலில் கேலியாகத்தான் நடந்தது. "கீழ சிந்துன டீய துடச்சாச்சு." "யாரு?" ஓ என்று சிரிப்பு. அப்புறம் கேலியோடு கேலியாக ஒன்றிரண்டு உண்மைகள் வெளியே வந்தன. ரஹ்மத்தே ஒருநாள், டம்ளரைப் பார்த்தபடி, "நான் அந்தப் பொண்ணுக்கு நரம்பு கிடைக்காம குத்திக்கிட்டே இருந்தேன், உங்கள யாரையாச்சும் கூப்பிட்டுருக்கலாம், கௌரவம் பாத்தேன்" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. பாக்கியம் அக்காவுக்கு வாட்ஸப்பில் சொன்னேன், அவள் பேரன் கட்டைவிரலைச் சூப்பும் படத்தைப் பதிலுக்கு அனுப்பினாள்.

ஆனால் தேவகனி வாயைத் திறக்கவில்லை. டீயைக் குடிப்பாள், டம்ளரைக் கழுவி வைப்பாள், போய்விடுவாள். சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண், நல்ல உயரம், அந்த உயரத்தை இப்போது குனிந்தே பாதியாக்கிவிட்டாள். அவள் கை எப்படிப்பட்ட கை என்று எனக்குத் தெரியும், கட்டு மாற்றும்போது நோயாளிகள் அவளைத்தான் கேட்பார்கள், பிளாஸ்டரை இழுக்கிற வலியே தெரியாது. நேற்று உடை மாற்றும் அறையில் பிடித்துக்கொண்டேன். "என்னட்டி, இன்னும் எத்தன நாள் இப்படியே இருப்ப?" சுவரைப் பார்த்துச் சொன்னாள், "நான் பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போறேன் சிஸ்டர். மேட்ரனம்மாவ பாக்கும்போது சொல்லிருவேன்." பேங்க்காம். மனிதர்களைத் தொட வேண்டாம், தாளைத் தொட்டால் போதும், தப்பானால் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். எனக்குக் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை, "போ, போய் வட்டிக் கணக்குப் போடு" என்று சொல்லிவிட்டேன், சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேட்ரனம்மாவைப் பார்க்கும்போது என்றால் இன்றைக்கு. ஓவர் முடிந்ததும் சொல்லிவிடுவாள், மேட்ரனம்மாவும் சரி போ என்பார்கள், ஆள் நிறையப் பேர் வரிசையில் இருக்கிறார்கள். எனவே இந்த ஓவர் முடிவதற்குள், இந்தக் கட்டில்களைச் சுற்றி வருவதற்குள், இவள் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடக்கும் என்று தோன்றுகிறது, காலையிலிருந்தே தோன்றுகிறது.

வந்துவிட்டார்கள். செருப்புச் சத்தம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொள்கிற கை, "ம், ஆரம்பிங்க, நான் இல்லன்னு நினச்சிக்கிடுங்க." அது எப்படி முடியும்? மேட்ரனம்மா நிற்கிற இடத்தில் அவர்கள் இல்லை என்று நினைக்க யாரால் முடியும்? ரஹ்மத் தொடங்கினாள், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவங்க பேரு பேச்சியம்மாள், குடலிறக்கம், நான் காலைல கட்டு மாத்துனேன், புண்ணு காஞ்சிருக்கு, நான் நடக்க வச்சேன்." அடி சக்கை. பேச்சியம்மாள் தன் பெயரைக் கேட்டதும் முந்தானையைச் சரிசெய்து கொண்டாள். அடுத்த கட்டில், "நான் சுகர் பாத்தேன், நான் இன்சுலின் போட்டேன், சாப்பாடு குடுத்தாச்சு..." நாக்கைக் கடித்தாள். நான்தான் கேட்டேன், "யாரு?" "ஐயோ, நானு, நான் குடுத்தேன்." கட்டிலில் இருந்த அம்மாளே, "ஆமா ஆமா, அவ தான் குடுத்தா, ரசத்துல உப்பே இல்ல" என்று சாட்சி சொல்ல, மேட்ரனம்மா சிரித்தார்கள்! சிரித்தார்களா? கண்ணாடியைக் கீழே இறக்கினார்கள், அதற்குச் சிரிப்பு என்றுதான் பொருள். எனக்குள் ஒரே கொட்டு மேளம். அடுத்த மாதம் எல்லா வார்டுக்கும் இதுதான் நடைமுறை என்று சொல்வார்கள், உலகம்மை வந்து சொல்லிக்கொடுக்கட்டும் என்பார்கள், மதுரைக்கே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், கதர்ச் சேலை டீச்சரம்மா பக்கத்தில் மேடையில் நான், எந்தப் புடவை கட்டுவது, அந்த மாம்பழ நிறக் காட்டனா, அதில் போன தீபாவளிக்கு எண்ணெய்க் கறை ஆனதே. தேவகனியைப் பார்த்தேன். குறித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. பேசேன்டி. ஒரே ஒரு யாரு கேளேன். கேட்டால் என்ன உதடா தேய்ந்துவிடும்?

அடுத்தது இசக்கியம்மாள், நான் பார்த்த நோயாளி, அதனால் நான் சொல்ல வேண்டும். முக்கூடலில் பீடி சுற்றுகிற அம்மாள், ஆபரேஷனுக்குப் பிறகும் படுத்தபடியே விரல்கள் காற்றில் பீடி சுருட்டிக்கொண்டிருக்கும். தலைமாட்டில் நாத்தனார், எந்நேரமும் கூடை, செம்பு, எண்ணெய்க் குப்பி சகிதம். நான் நிமிர்ந்து நின்றேன், குரல் எனக்கே நன்றாகக் கேட்டது, மேடைக் குரல். "இவங்க இசக்கியம்மாள். கர்ப்பப்பை ஆபரேஷன். காய்ச்சல் இல்ல, நான் பாத்தேன். இடது கெண்டைக்கால் வலிக்குன்னாங்க, நான் தொட்டுப் பாத்தேன், வலது காலவிட வீங்கியிருக்கு, கொஞ்சம் சூடா இருக்கு. டாக்டர்ட்ட சொல்லியாச்சு. அடுத்து..." அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டேன், உடம்பு திரும்பிவிட்டது, மனசு அதற்கும் அடுத்த கட்டிலில் இருந்தது. மேட்ரனம்மாவும் என்னோடு நகர்ந்தார்கள். ரஹ்மத்தும் நகர்ந்தாள். ஒருத்தி மட்டும் நகரவில்லை.

"யாரு சிஸ்டர்?"

யாருடைய குரல் என்று முதலில் புரியவில்லை. அவ்வளவு நாள் கேட்காத குரல். தேவகனி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது, கழுத்தில் துடிப்பு தெரிகிறது. பேசிவிட்டாள், பேசிவிட்டாள், என் கண்ணே, பேசிவிட்டாள் என்று குதித்தது மனசு, அந்தக் குதி தரையைத் தொடுவதற்குள்தான் கேள்வி எனக்கு உறைத்தது. யாரு? நான்தான். வேறு யார்? சொன்னேனே. எப்போது? அந்தக் காலைத் தொட்டேன், சூடாக இருந்தது, உடனே சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன், மேஜைக்குப் போனேன், ஃபோனில் கை வைத்தேன், அது அடித்தது. அடித்தது. ரெண்டு மணிக்கு வாரேன், நாடகம், நானும் பாக்கேன். ரிசீவரை வைத்தேன். ரஹ்மத்திடம் ஓடினேன். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றுமில்லை. காதெல்லாம் சுட்டது. மேட்ரனம்மா என்னைப் பார்க்கிறார்கள், ரஹ்மத் பார்க்கிறாள், இசக்கியம்மாளின் விரல்கள்கூடச் சுருட்டுவதை நிறுத்திவிட்டன. நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடலாம், சொல்லிவிட்டு ஓவர் முடிந்ததும் ஓடிப்போய் ஃபோன் பண்ணினால் யாருக்குத் தெரியும், டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், பத்து நிமிஷம் முன்னே பின்னே, மேட்ரனம்மா முன்னால், இன்றைக்குப் போய், என் சட்டத்தில் நானே. அந்தப் பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதன் ருசிகூடத் தெரிந்தது, துருப்பிடித்த ருசி. சொன்னேன் என்றால் அதில் நான் இருக்கிறேன், பொய்யான நான். சொல்லலை என்றால் அதில் ஆளே கிடையாது. நான் சொல்லலை, நீ சொல்லலை, அவன் சொல்லலை, எல்லாம் ஒரே சொல்லலைதான். இல்லை என்று சொல்கிற இடத்தில் தமிழ்கூட என்னைக் கைவிட்டுவிட்டது, நானாகத்தான் என்னைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்த வேண்டும். வெறும் சொல்லலை போதாது. தேவகனியின் கண்ணைப் பார்த்தேன். இவள் எவ்வளவு பயந்துகொண்டு கேட்டிருக்கிறாள். இவளிடம் போய்ப் பொய் சொல்வேனா?

"நான் சொல்லலை," என்றேன். "ஃபோன்கிட்ட போனேன், வேற ஃபோன் வந்துச்சு, மறந்துட்டேன். நான் சொல்லலை."

ஒன்றும் இடிந்து விழவில்லை. திரைச்சீலை படபடத்துக்கொண்டிருந்தது. தேவகனி குனிந்து அந்தக் காலைத் தொட்டாள், இரண்டு கெண்டைக்காலையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தாள், அந்தக் கையை நான் அறிவேன், நிமிர்ந்தபோது முழு உயரத்துக்கும் நிமிர்ந்தாள். "நான் கூப்பிடுதேன்," என்று மேஜையைப் பார்த்து நடந்தாள். டாக்டருக்குச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை, அதுவும் இவளா, இவளை அத்தனை பேர் முன்னால் வைத்து அப்படிக் கத்திய மனிதரை? நான் பின்னாலேயே போனேன், மேட்ரனம்மாவும் வந்தார்கள். ஃபோனில் அவர் குரல் எங்களுக்கே கேட்டது, வாயில் சோற்றோடு ஒரு அதட்டல், "யாரு பேசுறது?" பெண்கள் வார்டு சார் என்போம், எங்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம், வார்டு பேசும், நாங்கள் பேச மாட்டோம்.

"நான் தேவகனி பேசுதேன் சார்." குரல் நடுங்கியது, நிற்கவில்லை. "இசக்கியம்மாளுக்கு இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கு, சூடா இருக்கு. நான் தொட்டுப் பாத்தேன். நரம்புக்குள்ள ரத்தம் உறஞ்சி கட்டியிருக்குமோன்னு எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்து பாக்கணும்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. "இல்ல சார். சாப்ட்டுட்டு இல்ல. இப்ப."

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமா இருக்கு என்று டாக்டரிடம் சொல்கிறாள்! இதை மதுரையில்கூடச் சொல்லித் தரவில்லை. அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். தேவகனி ரிசீவரை வைத்தாள். "வாராங்க," என்றாள். மேட்ரனம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நீதானட்டி எங்கிட்ட என்னமோ பேசணும்னு ஆபீஸ்ல சொல்லி வச்சிருந்த?" என்று கேட்டார்கள். அவளோ ஏதோ ஞாபகம் வராதவள் மாதிரி அவர்களைப் பார்த்தாள், "இப்ப நேரமில்ல மேடம், டாக்டர் வருததுக்குள்ள ஸ்க்ரீன் போடணும்" என்றாள், என் பக்கம் திரும்பினாள், "சிஸ்டர், நீங்க போயி அவங்ககிட்ட நில்லுங்க. அந்தக் கால யாரும் அமுக்கிவிடக் கூடாது, ரத்தம் கட்டியிருந்தா அந்தக் கட்டி நகந்து நெஞ்சுக்குப் போயிரும். போங்க சிஸ்டர்."

எனக்கு வேலை சொல்கிறாள். அதட்டவே செய்கிறாள். போனேன், ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், கஞ்சிப் புடவை மொடமொடக்க வார்டின் நடுவே ஓடினேன், இத்தனை சந்தோஷமாக நான் எந்த உத்தரவுக்கும் ஓடியதில்லை. இசக்கியம்மாளின் நாத்தனார் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், அந்த இடது காலை மடியில் எடுத்து வைத்திருந்தாள், உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றிக்கொண்டு இரண்டு கையையும் கெண்டைக்கு நேரே கொண்டுபோனாள். பாய்ந்து அவள் கைகளைப் பிடித்தேன், எண்ணெய் என் முழங்கை வரை வழிந்தது.

"வலிக்குன்னு அழுதாளே சிஸ்டர், தேச்சி விட்டா என்ன? தேய்க்கக் கூடாதுன்னு யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"நான் சொல்லியிருக்கணும், சொல்லலை," என்றேன் கையை விடாமல். "இப்பச் சொல்லுதேன், கேளுங்க."